மாயர்கள் வெள்ளிக் கோளைக் கணித்தது எப்படி?

மயூர் விஹார் வாசகர்:
தொலைநோக்கி இல்லாமல் வானத்தை அளந்த பழைய வானாய்வுக் கூடமான தில்லி ஜந்தர் மந்தரைப் பார்க்கச் சென்றபோது, அதேபோல் மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளின் தொல்குடிகளான மாயர்களும் வெள்ளியின் போக்கைக் கணித்தார்கள் என்று மகளிடம் சொன்னேன். எப்படி என்று கேட்கிறாள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆர்.கே. புரம் வாசகர்:
வணக்கம் ஐயா. தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்ததுதான் அடிப்படை. மரப்பட்டைத் தாளில் எழுதி விசிறிபோல் மடித்த அவர்களுடைய சுவடி ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. அதில் வெள்ளி விடிவெள்ளியாகத் தெரியும் காலம் 236 நாள், மறைந்திருப்பது 90, அந்தியில் தெரிவது 250, மீண்டும் மறைவது 8 என்று பிரிக்கப்பட்டு, ஒரு சுற்று 584 நாள்களாக வருகிறது. இன்றைய கணக்கு ஏறத்தாழ 583.92 என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை. மேலும், 5 சுற்றுகள் சேர்ந்தால் 2,920 நாள்கள். அது 365 நாள் கொண்ட 8 ஆண்டுகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. புள்ளிக்கு 1, கோட்டுக்கு 5, சுழியத்துக்குச் சிப்பி வடிவம் என்ற, இருபது இருபதாக எண்ணும் 20-அடிமான எண்முறை இதற்குக் கைகொடுத்தது. தங்கள் மகளை அதில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 19-க்கு மூன்று கோடுகளும் மேலே நான்கு புள்ளிகளும் போதும்.

துவாரகா வாசகர்:
1562இல் மெக்சிகோவின் மானி என்னும் ஊரில் தியேகோ தே லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயர்களின் சுவடிகளைக் கொளுத்தினார். இன்று எஞ்சியவை நான்கே என்பது ஆறாத இழப்பு. ஆனால் மாயர்கள் அழிந்துபோகவில்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் பல லட்சம் பேர் இன்றும் மாய மொழிகளைப் பேசுகிறார்கள். குவாத்தமாலா மலைப்பகுதிகளில் மாயர்களின் பழைய 260 நாள் நாட்காட்டியைப் பின்பற்றுவோரும் உள்ளனர். மகளிடம் இதையும் சொல்லுங்கள்.