புதுப்பிப்பு: 0422 எண்ணா, 1800 எண்ணா?

கோவையில் எங்கள் வெட் கிரைண்டர் விற்பனை, பழுதுபார்ப்புக் கடையின் விளம்பரத்தில் 0422 என்று தொடங்கும் உள்ளூர் எண்ணைப் போடுவதா, 1800 கட்டணமில்லா எண்ணைப் போடுவதா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். இரண்டையும் தனித்தனித் துண்டறிக்கைகளில் அச்சிட்டுப் பார்த்தோம்.

உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் 0422 எண்ணையே அழைத்தார்கள். "பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், இன்றைக்கே ஆள் வருவாரா?" என்பதுதான் முதல் கேள்வி. 1800-ஐ அழைத்த ஓர் அம்மா, "இது கடைதானா, வேறெங்காவது போகிறதா?" என்று தயங்கினார். அளவில்லாமல் பேசும் ரீசார்ஜ் பலரிடமும் இருக்கும்போது இலவச அழைப்பில் அவர்களுக்கு என்ன லாபம்? அதன் கட்டணமோ எங்கள் தலையில் விழுந்தது.

வெளிமாவட்ட விற்பனைக்கு மட்டும் 1800-ஐ வைத்துக்கொள்கிறோம். 1860 எடுக்கச் சொன்ன நண்பர்களே, அதில் அழைப்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். அதை இலவசம் என்று அச்சிடவே கூடாது. கடைச் சுவரில் 0422 எண்ணை நேற்றே பெரிதாக எழுதிவிட்டோம்.