புதுப்பிப்பு: பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து டைனோசர் பூங்காவுக்கு

பிள்ளைகளோடு இந்தப் பூங்காவுக்குப் போவது பற்றிய முந்தைய பதிவில் பலரும் கேட்டது: அசையும் டைனோசர் பொம்மைகளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் அலறினால் என்ன செய்வது?

பல பொம்மைகளில் ஆள் நடமாட்டத்துக்கு இயங்கும் சென்சார் உண்டு. கிட்டே போனதும் சட்டென்று தலை திரும்பும், உறுமும். அதில்தான் பிள்ளை மிரளும். பெரியவர் ஒருவர் முன்னே போய் அதை இயக்கிவிடட்டும், பிள்ளை தள்ளி நின்று ஒரு சுற்று பார்க்கட்டும். தோலுக்குள்ளே இரும்புச் சட்டம், மோட்டார், ஸ்பஞ்சு என்று காட்டிக்கொடுத்தால் பாதிப் பயம் போச்சு.

காலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். மாலை இடிமழை வந்தால் வெளியில் இருக்கும் பொம்மைகளை நிறுத்திவிடுவார்கள். உள்நாட்டினருக்கான டிக்கெட் விலைக்கு மைகார்டு, மைகிட் (பெரியவர், பிள்ளைகளின் மலேசிய அடையாள அட்டைகள்) எடுத்துச் செல்லுங்கள்.

டி-ரெக்ஸும் ஸ்டெகோசாரஸும் சண்டை போடுவதாக வைத்திருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்: இரண்டும் வாழ்ந்த காலங்களுக்கு இடையே சுமார் 8 கோடி ஆண்டு! நம் பகாங் மாநிலத்தில் கிடைத்து, 2014இல் மலாயாப் பல்கலைக்கழகம் அறிவித்த டைனோசர் பல்லின் நீளம் 23 மில்லிமீட்டர்தான்.