காசநோய் வந்த வீடு: மனதை விட்டுப் போகாத ஒரு நாள் இருந்தால் எழுதுங்கள்

மடைவாய்:
2015, சம்பா நடவு நேரம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குச் சளியில் கிருமி, ஆறு மாத மாத்திரை. அப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள்தான் மருந்து. ஒன்றரை மாதத்தில் இருமல் நின்று வயலுக்கும் போய்விட்டார். பொங்கலுக்கு முன்னால் ஓடு மாற்ற ஏறிய ஆள், சட்டத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலிருந்து மாத்திரை அட்டையாக எடுத்து எடுத்துக் கீழே போட்டார். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கேட்டால், "சூடு தாங்கலப்பா, ஒண்ணுக்கு ரத்தமாப் போவுது" என்றார். அந்த மருந்தில் ஒன்றான ரிபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகத்தான் போகும், ரத்தமில்லை. இந்த ஒரு வரியை மாத்திரை கொடுத்தவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி வந்தபோது மருந்துக்கு மசியாத வகையாகிவிட்டது. இரண்டு வருடம் மருந்து, அதில் பல மாதம் ஊசி. நோய் போயிற்று, ஊசியில் காதும் போயிற்று. ராத்திரி படுத்தபடியே, மடையில் தண்ணீர் எவ்வளவு பாய்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொன்ன மனிதர்.

வலங்கைமான் பொண்ணு:
எங்கள் அம்மாவுக்கு 1994இல். பாட்டி, அம்மாவின் எவர்சில்வர் டம்ளரில் ஆணியால் ஒரு கோடு கிழித்துத் திண்ணையில் வைத்துவிட்டார். குணமாகி வருடக்கணக்கான பிறகும் அம்மா அந்த டம்ளரில்தான் குடித்தார், யாரும் சொல்லாமலே. டம்ளரில் பரவுகிற நோயா இது? இருமும்போது காற்றில் பரவுவது. 1956இல் நம் சென்னையிலேயே ஆராய்ச்சி தொடங்கி, பாதிப் பேரை சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையிலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குணமானது ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே அதைப் பார்த்து மாறியது, எங்கள் திண்ணை மாறவில்லை.

களப்பணி அக்கா:
மடைவாய் தம்பி, சொல்லாதது தப்புதான். ஆனால் மாத்திரை கொண்டு வரும் நாங்கள் வாசலில் நிற்க முடிந்தால்தானே சொல்ல? ஒரு பெண், கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம். "அக்கா, வண்டிய தெருமுனையிலயே நிறுத்துங்க" என்றாள். அரைவை மில்லுக்குப் பின்னால் வருவாள். தவிட்டுத் தூசியில் நின்று, மஞ்சப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் மாத்திரையை வாங்கிக்கொள்வாள். அந்தக் கை நடுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பாபநாசம் பெரியவர்:
என் மைத்துனர் சளி டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்து, ஒன்றுமில்லை என்று வந்து, இரண்டு மாதம் வீணாயிற்று. ஆகவே எல்லோரும் கேளுங்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சை இழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வருவதைக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலென்றால் டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இன்னும் கவனம். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தடுப்பு மாத்திரை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டுக்கென்று அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்தது 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். முட்டை, பயறு, கடலை வாங்கவே அந்தப் பணம். வலங்கைமான் பொண்ணு சொல்வது சரி, ஆனால் மருந்து ஆரம்பித்த முதல் சில வாரம் வாயை மூடி இருமத்தான் வேண்டும், அதை விட்டுவிட்டீர்களே அம்மா.

மடைவாய்:
அக்கா, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா?

களப்பணி அக்கா:
ஆறு மாதமும் விடாமல் முடித்தாள். கல்யாணம் வேறு இடத்தில்.