ராத்திரி ரெண்டு மணிப் படபடப்புக்கு வசனத்தை எப்படிக் கையில் கொடுக்கிறது?

எல்லைக்காரி, களியக்காவிளை:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாசம் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் கவலையைப் பற்றி ஒரு மணிநேரம் நடத்தணும். வர்றவங்களில் பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் கல்ஃபில், இல்லைன்னா ஆழ்கடலில். ராத்திரி முழிப்பு வந்து நெஞ்சு அடிக்கும்போது என்ன செய்யணும்னுதான் கேப்பாங்க. "கவலைப்படாதே"ன்னு வசனம் சொன்னா, கவலைப்படுறதே பாவம்னு எடுத்துக்கிட்டு இன்னும் ஒடுங்கிப் போறாங்க. மாத்திரை சாப்பிடுறவங்களும் இருக்காங்க, ஆனா வெளியே சொல்ல மாட்டாங்க. பொதுவான ஆறுதல் வேண்டாம், செய்முறையாச் சொல்லுங்க.

குழித்துறைக் கரை:
அக்கா, நீங்க சொல்ற அந்தக் "கவலைப்படாதே" வசனத்தை, பிலிப்பியர் 4:6-ஐ, தனியாப் பிடுங்கி எடுக்கிறதுதான் முதல் கோளாறு. அதுக்கு முந்தின வரி, அஞ்சாம் வசனத்தின் கடைசி: "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்." அதைச் சொன்ன மூச்சிலேயே கவலைப்படாம எல்லாத்தையும் தெரியப்படுத்துங்கன்னு வருது. ஆள் பக்கத்தில்தான் இருக்கார், சொல்லுங்கன்னு அர்த்தம். முந்தின வரியை வெட்டிட்டா மிச்சம் அதட்டல் மாதிரித்தான் கேட்கும். அட்டையில் எழுதிக் கொடுக்கிறதா இருந்தா 5-ன் பின்பாதியிலிருந்து 7 வரை எழுதுங்க.

அதை எழுதின பவுல் அப்போ காவலில் கட்டப்பட்டுக் கிடந்தவர். 2 கொரிந்தியர் 11:28-ல் சபைகளைப் பற்றின கவலை தன்னை நாள்தோறும் நெருக்குதுன்னு அவரே ஒத்துக்கிறார். கவலையே பாவம்னா முதல்ல அவரை இல்ல விசாரிக்கணும்? பிலிப்பியர் 2:20-ல் தீமோத்தேயு உங்க காரியங்களை உண்மையாய் விசாரிப்பான்னு சொல்ற இடத்திலும், 4:6-லும், கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல்தான். ஒரு இடத்தில் பாராட்டு, இன்னொரு இடத்தில் வேண்டாம்ங்கிறார். நம்ம பழைய மொழிபெயர்ப்பிலும் 'விசாரம்' இப்படி ரெண்டு பக்கமும் நிக்குது: சங்கீதம் 94:19-ல் உள்ளத்தில் பெருகுறதும் விசாரம், 1 பேதுரு 5:7-ல் அவர் நம்மை "விசாரிக்கிறவர்". இதை மட்டும் பத்து நிமிஷம் பேசலாம். மலையாளம் கலந்து பேசுற நம்ம பக்கத்துப் பெண்களுக்கு அந்தச் சொல் உடனே பிடிபடும்.

7-ம் வசனத்தில் சமாதானம் இருதயத்தைக் "காத்துக்கொள்ளும்". அது படைவீரன் காவல் நிக்கிறதுக்கான சொல். பிலிப்பியும் ரோமப் படையிலிருந்து ஓய்வு பெற்றவங்களைக் குடியேத்தின ஊர். கேரள எல்லைச் செக்போஸ்ட் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கணுமா என்ன? வண்டி வரத்தான் செய்யும். நிறுத்திப் பார்க்க ஒரு ஆள் நிக்கும், அவ்வளவுதான். நினைப்பே வராதுன்னு யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க.

பயிற்சிக்கு 13-ம் சங்கீதம் எடுங்க. ஆறே வசனம். முதல் ரெண்டு வசனத்தில் நாலு தடவை "எதுவரைக்கும்"; 3, 4 வேண்டுதல்; 5, 6 நம்பிக்கை. ஒரு தாளில் அவங்களையே எழுதச் சொல்லுங்க: நாலு "எதுவரைக்கும்", ஒரு வேண்டுதல், ஒரு "ஆனாலும்". "எதுவரைக்கும் இந்தக் கடன்"னு எழுதினா அதுவும் ஜெபம்தான். பொதுவா என்ன நடக்கும்னா, எல்லாரும் முறையிடாம நேரே ஸ்தோத்திரத்துக்குத் தாவிடுவாங்க. அடியில் இருக்கிற பயம் அப்படியே கிடக்கும்.

அமரவிளை சிஸ்டர்:
நான் ஆஸ்பத்திரிப் பக்கத்தைச் சொல்றேன். நெஞ்சுவலி கையிலோ தாடையிலோ பரவினா, வேர்த்துக் கொட்டினா, முதல்ல 108. ஜெபத்தை ஆம்புலன்சில் வச்சுக்கலாம். முதல் தடவை வர்ற படபடப்புக்கு ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் மூணும் பார்த்துடணும். ரத்தச்சோகையைப் பிசாசின் போராட்டம்னு நினைச்சு மாசக்கணக்கா அலையிறாங்க.

அதெல்லாம் சரியா இருந்தா, பயத்தாக்கம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய்த் தானா இறங்கும். அந்த நேரத்தில் நீளமா வாசிக்க மூளை ஒத்துழைக்காது. ரெண்டு துண்டா உடையிற ஒரு வசனம் போதும். சங்கீதம் 56:3: "நான் பயப்படுகிற நாளில்" மூக்கு வழியா மூச்சை இழுக்கும்போது மனசுக்குள்ள, நாலு எண்ணுற நேரம். "உம்மை நம்புவேன்" மூச்சை விடும்போது முணுமுணுப்பா, ஆறு எண்ணுற நேரம். பத்துத் தடவை செய்ய ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. விடுற மூச்சு நீளமா இருக்கிறதுதான் முக்கியம். பலபேரு தப்பு செய்றது இங்கேதான்: தோளைத் தூக்கி ஆழமா, வேகமா இழுப்பாங்க. அப்போ ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை சுத்தும், விரல் மரத்துப்போகும், பயம் இன்னும் ஏறும். மெதுவா, கொஞ்சமா இழுத்தாப் போதும். இதைப் பகலில் பழகணும். ராத்திரி புதுசா ஆரம்பிச்சா வராது.

செல்லில் வேதாகமம் திறக்காதீங்க. வெளிச்சத்தில் தூக்கம் போகும், போதாததுக்கு வாட்ஸ்அப்பில் காத்தழுத்தத் தாழ்வுநிலைச் செய்தி வந்து நிக்கும். ஒக்கிப் புயலுக்குப் பிறகு கடற்கரை வீடுகளில் பயம் கிளம்ப அது போதும். தலையணைக்கடியில் அட்டை வச்சுக்கட்டும்.

கவலைக்குக் கொடுக்கிற மாத்திரை: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் மாதிரியானவை வேலை செய்ய ரெண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் பலன் இல்லைன்னு நிறுத்துறதும், சுகமானதாச் சாட்சி சொல்லிட்டு அன்னைக்கே நிறுத்துறதும் நடக்குது. திடீர்னு விட்டா தலைசுத்தல், ஷாக் அடிச்ச மாதிரி வெட்டு வரும். அல்பிரசோலம், குளோனசெபம் மாதிரி படபடப்பை உடனே அடக்குற வகையை நாள்பட எடுத்துட்டுச் சட்டுனு விட்டா வலிப்பே வரலாம். டாக்டர் சொல்றபடி படிப்படியாக் குறைக்கணும்.

உபவாசம், முழு இரவு ஜெபம் ரெண்டும் இவங்களுக்கு இப்போ வேண்டாம். வெறும் வயித்தில் கட்டன்சாயா (பால் இல்லாத டீ) குடிச்சு முழிச்சிருந்தா, நல்ல ஆளுக்கே படபடப்பு வரும்.

சபைமணி:
சிஸ்டர் மன்னிக்கணும். ஒரே வரியை மூச்சோட சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்றது மத்தேயு 6:7-ல் வேண்டாம்னு சொன்ன "வீண்வார்த்தைகளை" அலப்புறது ஆகாதா? யோகா மாதிரியும் தெரியுது.

குழித்துறைக் கரை:
நியாயமான கேள்வி, சகோ. ஆனா அதே மத்தேயுவில் 26:44 பாருங்க. கெத்செமனேயில் மூணாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார்னு இருக்கு. மாற்கு 14:33-ல் அவர் திகிலடைஞ்சதாவே எழுதியிருக்கு. 6:7-ல் தடுக்கிறது, அதிக வசனிப்பினால் கேட்கப்படும்னு நினைக்கிற நினைப்பை. பாரசாலை தாண்டி வடக்கே போனா, கேரளத்துச் சுரியானி மரபு மலங்கரைச் சபைகளில் 'குரியேலாயிசோன்' எத்தனை தடவை வருதுன்னு கேட்டுப் பாருங்க. "கர்த்தாவே இரங்கும்"தான் அது. அவங்க தூங்கப் போகுமுன் சொல்ற சூத்தாறா ஜெபத்தில் 91-ம் 121-ம் சங்கீதங்கள் தினமும் உண்டு. கத்தோலிக்கர் செபமாலையும் அப்படித்தான். மூச்சு யாருடைய சொத்தும் இல்லை.

உபவாசம் பற்றி சிஸ்டர் சொன்னதுக்கு வேதத்திலேயே சாட்சி உண்டு. 1 இராஜாக்கள் 19: சூரைச்செடியின் கீழ் 'போதும்'னு சாகக் கேட்ட எலியாவுக்கு முதல்ல கிடைச்சது தூக்கம், அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. மெல்லிய சத்தம் அதுக்கும் நாப்பது நாள் கழிச்சு.

எல்லைக்காரி:
ரொம்ப உபகாரம். டாக்டரிடம் போகச் சொன்னா "ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புறியா"ன்னு சண்டைக்கு வருவாங்களே?

அமரவிளை சிஸ்டர்:
முதல்ல போன்ல பேசச் சொல்லுங்க. அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளப் பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு அங்கத்த அரசு உதவி எண் திஷா 1056-ம் இருக்கு. நேரில் போக ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ். சாகணும்னு யாராவது சொன்னா ஜெபக்குறிப்பில் எழுதிட்டு விட்டுடாதீங்க. அன்னைக்கே ஒருத்தர் கூட இருக்கணும், மாத்திரை டப்பா, ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் கேன் ரெண்டையும் வீட்டிலிருந்து எடுத்துடணும்.

குழித்துறைக் கரை:
அட்டை விஷயம் ஒண்ணு. புதுவருச வாக்குத்தத்த அட்டை மாதிரி சீட்டுக் குலுக்கி எடுக்க விடாதீங்க. பயத்தில் இருக்கிறவங்க கையில் வர்ற வசனத்தைக் குறி மாதிரி பார்ப்பாங்க. நான் முதல்ல சொன்ன பிலிப்பியர் பகுதி ராத்திரிக்கு நீளம். எல்லாருக்கும் ஒரே அட்டை: முன்பக்கம் சங்கீதம் 56:3 ரெண்டு வரியா, மங்கின வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமத் தெரியிற அளவு பெரிய எழுத்தில். பின்பக்கம் 14416.