மறுமொழி: வேர்ள்பூல் கெட்டிலுக்கு என்ன சொல்? வடியா, தெளியா?

> “மையவிலக்கு வடிகலன்” என்று முடித்துவிடலாமே?

அண்ணாச்சி, பீர் ஆலையில் கொதித்த சாற்றைச் சுழற்றித் திப்பியை அடியில் படியவைக்கும் வேர்ள்பூல் கெட்டிலுக்கு நீங்கள் சொன்ன இந்தச் சொல்லின் இரண்டு பாதியுமே எனக்கு ஒட்டவில்லை.

ஒரு கட்டன்சாயா வாங்கி, கரண்டியால் நன்றாகச் சுழற்றிவிட்டுச் சும்மா வையுங்கள். தூள் விளிம்புக்கா ஓடுகிறது? நடுவில் வந்து குமிகிறது. சுழலும் நீரில் விளிம்போரம் அழுத்தம் கூடுதல். அடித்தளத்தை ஒட்டிய நீர் மட்டும் உராய்வால் வேகம் குறைந்து, அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் உள்ளே நகரும். தூளையும் இழுத்துக்கொண்டு போகும். ஆறு ஏன் வளைந்து ஓடுகிறது என்று 1926-ல் எழுதியபோது ஐன்ஸ்டைன் இந்தத் தேயிலையைத்தான் காட்டினார். நம்ம குழித்துறை ஆற்று வளைவின் உள்பக்கம் மணல் ஒதுங்குவதும் இதே கணக்குதான். மையத்துக்கு வருவதைப் போய் மையவிலக்கு என்றால் எப்படி?

பீர் ஆலைக் கலனிலும் நடப்பது இதுதான். கொதித்து முடிந்த சாற்றைப் பம்பு வழியே சுவரை உரசினாற்போல் பக்கவாட்டில் செலுத்துவார்கள், மொத்தமும் சுழலும். பாய்ச்சும் வேகம் அதிகமானால் திரண்ட புரதத் திப்பி உடைந்து தூளாகிவிடும், பிறகு படியாது. சுழலவிட்டு இருபது, முப்பது நிமிடம் ஆறப்போட்டால் அடியில் நடுவே கூம்பாக மண்டி நிற்கும். சாறு வெளியேறும் வாய் நடுவில் இருக்காது, சுவரோரம் இருக்கும். எனக்கு வந்த வரைபடத்தில் அதை அடிநடுவில் போட்டிருந்தார்கள். மண்டி முழுவதும் குழாய்க்குள் போயிருக்கும்!

அடுத்து “வடி”. சோற்றை வடிக்கிறோம், பன்னாடையில் அரிக்கிறோம். இரண்டிலும் ஒரு தடுப்பு உண்டு. இந்தக் கலனில் தடுப்பே கிடையாது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸை முழுப்பூவாகப் போட்டால் கதை வேறு. அப்போது துளையிட்ட தட்டு வேண்டும். அதன்மேல் பூக்களே மெத்தைபோல் படிந்து சாற்றை வடித்துக் கொடுக்கும். அதற்கு “வடிதட்டு” பொருத்தம். பொடித்து உருட்டிய ஹாப்ஸ் என்றால் தட்டின் துளை அடைத்துக்கொள்ளும், அதற்குத்தான் சுழல். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தால் கலன் செய்கிறவர் குழம்பிப்போவார்.

எங்கள் பக்கம் அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது உங்களுக்குத் தெரியும். இறக்கிய அக்கானியைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் போகும். “தெளிய வச்சு இறுக்கணும்” என்பாள் பாட்டி, அடி கலங்காமல் மேலே தெளிந்ததை ஊற்றி எடுப்பதைத்தான். தெளிந்த கள்ளுக்குப் பழந்தமிழில் “தேறல்” என்றே பெயர். கலங்கிய தண்ணீருக்குப் பானையில் உரைக்கும் தேற்றாங்கொட்டையும் அந்த வேரில் வந்ததுதான். இந்தக் கலனுக்கு வேண்டிய வினை தெளிதல். என் பரிந்துரை: சுழிதெளிகலன்.

சாற்றைக் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்குக் “கொப்பரை” நல்ல சொல்தான். ஆங்கிலேயர்கூட எந்த உலோகத்தில் செய்தாலும் அதைக் “காப்பர்” என்றே அழைக்கிறார்கள். ஆனால் நாகர்கோவிலில் கொப்பரை என்றால் எண்ணெய் ஆட்டத் தேங்காய் எங்கே என்று கேட்பார்கள். “கொதிகலன்” பாய்லருக்குப் போய்விட்டது. அண்டா போதும் என்பேன், சிரித்தாலும் பரவாயில்லை.

புளிக்குமுன் அக்கானி, புளித்தபின் கள் என்று நமக்கு இரண்டு பெயர் இருக்கிறதே, வோர்ட்டும் பீரும் அதே ஜோடி. முளைகட்டிய பார்லியிலிருந்து இறங்குவதால் வோர்ட்டுக்கு “முளைச்சாறு”. திப்பியைக் குறிக்கும் ட்ரப் என்ற ஜெர்மன் சொல்லுக்கு வேர்ப்பொருள் கலங்கல். ஆனாலும் அடியில் படிந்ததற்கு “மண்டி”தான் சரி. வாழைமண்டியோடு குழம்பும் என்று மதுரை அக்கா எழுதியிருந்தார். கலனுக்குள் யாரும் மட்டிக்குலை ஏலம் விடப்போவதில்லை, அக்கா.

கையேட்டு வரியில் வைத்துப் பார்த்தேன்: “முளைச்சாற்றைச் சுழிதெளிகலனில் 20 நிமிடம் தெளியவிட்டு, ஓரக்குழாய் வழியே இறுக்கவும்.” பக்கத்துப் பட்டறைத் தம்பியிடம் காட்டினேன். படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக் குழாய் நட்டை இறுக்கக் கிளம்பிவிட்டான்.

“இறுத்து எடுக்கவும்” என்று மாற்றிவிட்டேன்.