4ஜி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வரை வெளியே காட்டுவது எப்படி?

பொகவந்தலாவைப் பையன்:
வீட்டில் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியில் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஓடுகிறது. எங்கள் தோட்டத்துக் காமன்கூத்துப் படங்கள், பாட்டுப் பதிவுகள் எல்லாம் அதில்தான். வீட்டு வைஃபையில் 192.168.8.20 என்று அடித்தால் உடனே வருகிறது. கொழும்பில் அக்கா திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். ரவுட்டரில் 80, 443 என்ற வெப் போர்ட் இரண்டையும் அந்த ராஸ்பெர்ரி பைக்குத் திருப்பிவிட்டேன், வீட்டு ஐபிக்கு டக்டிஎன்எஸ் தளத்தில் ஒரு பெயரும் எடுத்தாச்சு. சிம் போடுகிற ரவுட்டர்தான். எங்கள் லயத்துப் பக்கம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஃபைபர் இல்லை. வேறு என்ன செய்யணும்?

பண்டாரவளை வயர்மேன்:
தம்பி, ரவுட்டருக்கு வெளிப்பக்கம் என்ன ஐபி கிடைத்திருக்கிறது என்று அதன் பக்கத்திலேயே பார். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ அது உனக்கே உனக்கான முகவரி இல்லை.

பொகவந்தலாவைப் பையன்:
100.92 என்று தொடங்குகிறது அண்ணே.

பண்டாரவளை வயர்மேன்:
அப்போ சிஜிநாட்தான். ஐபிவி4 முகவரிகள் (வழக்கமான ஐபி எண்கள்) போதாததால் சிம் கம்பெனி பல பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. லயத்துக் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸ் பேருக்கு வந்து இறங்குகிற கதைதான். உன் வீட்டுக் கதவை எவ்வளவு திறந்து வைத்தாலும் கடிதம் ஆபீசோடு நின்றுவிடும். போர்ட் திருப்புவதற்கு நீ அந்தக் கம்பெனி ரவுட்டருக்குள் போக முடியாது.

வழி என்னவென்றால், பை வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே போவதை சிஜிநாட் தடுக்காது. பையில் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டு, உன் பக்கத்தை வெளியாட்களுக்குத் திறந்துவிடும் அதன் ஃபனல் வசதியை இயக்கு. டிஎஸ் டாட் நெட் என்று முடிகிற பெயரும் எச்டிடிபிஎஸ் பாதுகாப்பும் இலவசமாகக் கிடைக்கும். அக்கா எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். வேகத்துக்கு வரம்பு உண்டு, ஆனால் குடும்பத்துக்குள் பார்க்க அது போதும். சொந்த டொமைன் வாங்கினால், இதே மாதிரி வேலை செய்யும் கிளவுட்ஃப்ளேர் டனலைப் போடலாம். அதற்கு டக்டிஎன்எஸ் பெயர் சரிவராது.

நுவரெலியாக் குளிர்:
கம்பெனியிடம் பொது ஐபி கேட்டும் பார்க்கலாம், சிலர் காசுக்குத் தருவார்கள். அப்புறம், ஏப்ரல், ஒக்டோபர் இடி மழையில் கரண்ட் பட்டென்று போகும். எஸ்டி கார்டு அதில்தான் சாகும். பாட்டுப் பதிவுகளுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வை.

பொகவந்தலாவைப் பையன்:
ஃபனல் போட்டேன், அக்காவுக்குத் திறக்கிறது! பெயர் வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

பண்டாரவளை வயர்மேன்:
சரி. ரவுட்டரில் திருப்பிவிட்ட இரண்டு போர்ட்டையும் அழித்துவிடு. பையைத் தூரத்திலிருந்து இயக்கும் எஸ்எஸ்எச்சை மட்டும் ஃபனலில் போட்டுவிடாதே.