‘என்ன வேலை பார்க்கிறீங்க?’ கேட்டவர்களும் மாட்டிக்கொண்டவர்களும்

படிவக்காரி:
சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்கு படிவத்தில் வரும் இந்தத் தொழில் கட்டம் தெரிந்திருக்கும். கதவைத் திறந்த அம்மா, “நான் சும்மாதாங்க இருக்கேன்” என்றார். சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தார். உதட்டில் இரண்டு குண்டூசி. அதைக் கடித்தபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். பக்கத்தில் இடுப்பளவுக்கு மடித்து வைத்த துணி, எல்லாம் அடுத்தவர்களுடையது. நான் ‘வேலையில் இல்லை’ என்று டிக் போட்டேன். மூன்று பக்கம் தள்ளி முதுகுவலிக் கேள்வி. “பத்து வருஷமா இருக்கு” என்றார். வேலையே இல்லாதவருக்குப் பத்து வருட முதுகுவலி. தாளில் அப்படித்தான் இருக்கிறது.

எண்போடுபவன்:
டிக் சரியாகப் போட்டிருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது. நான் குறியீட்டு மேசையில் இருக்கிறவன். எங்களுக்கு ‘தையல்’ என்று ஒற்றைச் சொல்தான் வந்து சேரும். தொழில்களுக்கு எண் கொடுக்கும் சர்வதேசப் பட்டியலான ஐஎஸ்சிஓ-08இல் தையற்காரர் 7531, கைவினைஞர் பிரிவு. தையல் மிஷின் ஓட்டுபவர் 8153, இயந்திரம் இயக்குவோர் பிரிவு. ஒருநாள் ஒரே தாளுக்கு எதிர் மேசைக்காரர் ஒன்றும் நான் ஒன்றும் போட்டிருந்தோம். மேலதிகாரி நாணயம் சுண்டாத குறைதான்.

மகன்:
அப்பாவுக்கு இருமல். கேட்க வந்தவர் “இப்போ என்ன வேலை?” என்றார். “வாட்ச்மேன்.” எழுதிக்கொண்டு போய்விட்டார். வாட்ச்மேன் வேலை இரண்டு வருடம்தான். அதற்கு முன் முப்பது வருடம் ஸ்பிரே பெயின்ட் அடித்தவர். அவர் நகக்கண்ணில் இன்னும் வெள்ளி நிறம் போகவில்லை. அந்தக் கையை நீட்டித்தான் பேசினார்.

பழைய ஆய்வாளர்:
என் கதை ஒரு வரி: கடைக்காரர் ஒருவரை மேலாளர் என்று பதிந்து திட்டு வாங்கினேன். படிவக்காரி, தவறு உங்களுடையது. “சும்மா இருக்கேன்” என்றால், “கடந்த வாரம் ஒரு மணி நேரமாவது காசுக்கு ஏதாவது செய்தீங்களா?” என்று கேட்க வேண்டும். அப்புறம் வேலையின் பெயர், அதில் கையால் என்ன செய்கிறார், யாரையாவது மேற்பார்க்கிறாரா, சொந்தமா கூலியா. கடைசியாக, வாழ்நாளில் அதிகக் காலம் பார்த்த வேலை எது. மகன் சொன்னது அங்கே பிடிபட்டிருக்கும். பிரிட்டனில் வெகுகாலம் மணமான பெண்களைக் கணவர் தொழிலை வைத்தே சமூக வகுப்பில் சேர்த்தார்கள். 2001இல் என்எஸ்-எஸ்இசி என்ற புதிய வகைப்பாடு அங்கே வந்தபோது வேலையில் ஒருவருக்கு என்ன அதிகாரம், என்ன பாதுகாப்பு என்பதையே அடிப்படையாக்கினார்கள். தொழிலே வேண்டாம், வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று எண்ணிப் பிரித்தால் போதும் என்பார்கள் சிலர். வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். 1967இல் தொடங்கியது, எல்லோரும் லண்டனில் வேலை பார்த்த ஆண் அரசு ஊழியர்கள். அதிலேயே கடைநிலை ஆட்களின் இதயநோய் மரண விகிதம் மேல்நிலையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். சாமானை எண்ணி இது வருமா?

எண்போடுபவன்:
சாமானை எண்ணச் சொல்லி இங்கே யாருமே கேட்கவில்லையே, ஐயா.

படிவக்காரி:
அந்த ஒரு மணி நேரக் கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை, ஐயா. நானாகக் கேட்டிருக்கலாம், அது சரிதான். ஒன்றை முதலில் எழுதாமல் விட்டேன். கிளம்பும்போது, குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, “எனக்கு என்னம்மா எழுதினே?” என்று கேட்டார். “நீங்க சொன்னதைத்தான்” என்றேன்.